அக்காவுக்குச் சாமி வந்த வெள்ளிக்கிழமைகள்

கற்பூரத் தட்டு எங்களை நெருங்கிக்கொண்டிருந்தது. குருக்கள் அதை வேகமாக ஆட்டிக்கொண்டே வந்தார், பின்னால் உறுமி, ஓரத்தில் மணி. என் பக்கத்தில் நின்ற அக்காவின் வலது கை திடீரென்று மேலே பறந்தது. பிறகு இடது கை. பிறகு தோள், தலை, கால் என்று ஒன்றன்பின் ஒன்றாக உதறி, முழங்கால் மடங்கி அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. "அம்மா இறங்கிட்டா!" என்று ஒரு பெண் கத்தினாள். எங்கிருந்தோ மஞ்சள் தண்ணீர் வந்தது, வேப்பிலை வந்தது. யாரோ அக்காவின் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். அன்றைக்கு ஆடி வெள்ளி. அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினான்கு. விடியற்காலை நாலு மணிக்கே எங்களை எழுப்பி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல், ஆங் மோ கியோ வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மா எங்களைச் சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

எனக்கு அந்தக் கூட்டத்தைவிட அம்மாவின் முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் பயந்துதான் போனாள். அக்காவின் கை வீட்டில் உதறுவது எங்களுக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் தெறித்துப் போகும், மைலோ குடிக்கக் கொடுத்தால் பாதி பள்ளிச் சட்டையில் இருக்கும். "கைல என்னடி எலும்பு இல்லையா?" என்று அம்மா திட்டுவாள். ஒரு முறை எங்கள் குடியிருப்புப் பேட்டைக் கிளினிக்கில் ஒரு டாக்டர், இது ஒரு மாதிரி வலிப்பாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அந்தக் கடிதத்தை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வலிப்புக்காரி என்று பெயர் வந்தால் எவன் கட்டுவான்? அந்தப் பயத்தோடு ஐந்து வருஷம் இருந்தவளிடம், முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து உன் மகளுக்கு வந்திருப்பது சாமி என்று சொன்னால் எப்படி இருக்கும்? அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. கை கூப்பினாள், அழுதாள், என்னையும் கும்பிடச் சொன்னாள். நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றாலே திருவிழாதான். ஏழாவது மாடி, மூன்றறை வீடு. சாயங்காலம் லிஃப்டைத் திறந்தால் எங்கள் வாசல்வரை செருப்பு. அக்காவைத் தலைக்குக் குளிக்க வைத்து, மஞ்சள் சேலை கட்டி, சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். சாம்பிராணி போட்டு, காதோரம் மணி அடித்து, கண்ணுக்கு நேரே கற்பூரம் காட்டுவார்கள். கை உதறும். உடனே கேள்விகள் தொடங்கிவிடும். மருமகளுக்குப் பிள்ளை தங்குமா, மகனுக்கு எந்தப் பக்கம் வீடு கிடைக்கும், ஊரில் கிடக்கும் கேஸ் ஜெயிக்குமா. எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டிகூட ஒரு தடவை இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குச் சீனம் தெரியாது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் போனாள். அப்பா கப்பல் பட்டறையிலிருந்து வந்ததும் கூட்டத்தைப் பார்ப்பார், அப்படியே கீழே காப்பிக் கடைக்கு இறங்கிவிடுவார். அண்ணன் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியில் இருந்தான், சனி ஞாயிறுதான் வருவான். வந்தால் தூங்குவான்.

அக்கா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள். "நடக்கும், போ." அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாத ஒரு பெண்ணுக்கு அப்படிச் சொன்னாள், அவளுக்கு மறு வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் போடப் போனபோது அக்கா, "வேணாம், வேணாம், கீழ விழுந்துடும்" என்று அலறினாள். சாமி தன்னடக்கத்தில் மறுக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தக் குழந்தை விஷயம் புரியவில்லை. தற்செயல் என்கிறாள் என் மகள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்தவளுக்கு அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

நானும் விழுந்தேன், அவள் காலில். எனக்குப் பள்ளியை முடிக்கும் ஓ லெவல் பரீட்சை வந்த வருஷம். கணக்குப் பாடம் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையில் கடைசி ஆளாக நின்று, எல்லாரும் விழுந்ததுபோல நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "அக்கா, பாஸ் பண்ணிடுவேனா?" என்று கேட்டேன். ஒரே மெத்தையில் படுத்து, ஒரே சீப்பால் தலை வாரி, ஒருவர் சட்டையை ஒருவர் திருடிப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நடக்கும், போ" என்று எனக்குச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமிக்கு என்மேல் கோபம் என்று அன்றிரவு முழுக்க அழுதேன். பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அந்தப் பரீட்சை முடிந்த கையோடுதான் எல்லாம் நின்றது. கற்பூரம் காட்டும்போது அக்கா வழக்கம்போல உதறாமல், மொத்த உடம்பும் விறைத்துப்போய், சாமி மாடத்தின் மரவிளிம்பில் தலை மோதிச் சாய்ந்தாள். வாயில் நுரை. அவ்வளவு ரத்தத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். எத்தனை வயதில் தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பே சொந்தமா? அம்மா அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். எங்கள் பக்கத்தில் அது பெருமை. ஆனால் அந்தச் சீன டாக்டருக்கு முன்னால் அம்மாவுக்கு என்னவோ வெட்கம் வந்துவிட்டது. "இதையெல்லாம் கேட்டா சிரிப்பாங்கடி. இல்லைன்னு சொல்லு" என்று காதில் கிசுகிசுத்தாள். நான் இல்லை என்று சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். வலிப்பு என்று பெயர் போட்டு மாத்திரை கொடுத்தார்கள். சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா போனபிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். வருஷங்கள் போகப்போக நடை தள்ளாடியது, நாற்பது வயதில் சக்கர நாற்காலி. பேச்சு இழுத்து இழுத்து வரும். தட்டில் சாதம் போட்டால் சாதம் சுவரில் இருக்கும். ஆனால் மூளைக்கு ஒன்றுமில்லை. வீட்டில் யார் என்ன பொய் சொன்னாலும் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். ரேடியோவில் தும்மினால்கூட எந்த அறிவிப்பாளர் என்று சொல்லிவிடுவாள். நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் பெட்டிகளோடு வரும் பேப்பர்களைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலை என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். "கூடப் பொறந்தவளுக்குள்ள என்ன இருக்குன்னு கடைசிவரைக்கும் தெரியல, இதுல பெட்டிய பாக்க வந்துட்டா" என்பாள் அக்கா. கிண்டல்தான். நானும் சிரிப்பேன்.

போன தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் எங்கள் வீட்டில் சாப்பிட்டது. சாப்பாடு முடிந்ததும் என் மகளும் அண்ணன் மகனும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள். நின்ற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்." அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை, அவன் எம்ஆர்டி ரயிலில் சிக்னல் பராமரிப்பு. சின்ன வயதிலிருந்து அடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள். மாமன் மகன், முறைதான், வெளியே போய்த் தேடவேண்டியதில்லை. அண்ணன் எழுந்து ஆடாத குறை. நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். அக்கா மட்டும் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் ஏதோ தோன்றியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் அக்காவின் நரம்பு டாக்டரைப் பார்க்கும் முறை வந்தது. எனக்கு லீவு கிடைக்காததால் மகள் கூட்டிப் போனாள். புதிதாக வந்த இளம் டாக்டர். வட்டமும் சதுரமும் போட்டுக் குடும்பப் படம் வரையத் தொடங்கினாராம். தாத்தா பாட்டி சொந்தமா என்று கேட்டபோது என் மகள் சிரித்துக்கொண்டே, "ஆமா டாக்டர், அத்தை மகள்தான். நானும் மாமா மகனத்தான் கட்டிக்கப் போறேன்" என்றிருக்கிறாள். என் அம்மாவுக்கு இருந்த வெட்கம் அவளுக்கு எங்கே? சொந்தத்துக்குள் கல்யாணம் என்று காட்டத் தாத்தா பாட்டிக்கு நடுவே இரட்டைக் கோடு போட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். பெரியம்மாவின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பவேண்டும், பதில் தெரியும்வரை கல்யாண வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மகள் அதை என்னிடம் போனில் சொன்னபோது நான் தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம் வௌவால் மீன் நறுக்கச் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரத்தம் எடுக்கும் நாளில் நான் போனேன். தொட்டாலே உதறும் கை அது, ஊசி எப்படிப் போடுவது? தாதி இரண்டு முறை தோற்றுப்போனாள். மூன்றாவது முறை நான் அக்காவின் கையை என் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக அடைத்து வைத்திருந்ததைக் கொட்டினேன். "அக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரில, அப்பா அம்மா சொந்தமான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் அவள். "பக்கத்துலயே கட்டில்லதானே கிடந்தேன். எனக்குக் காது கேக்காதா?"

"அப்பவே உண்மைய சொல்லியிருந்தா..."

"அம்மா சொல்லச் சொன்னா, நீ சொன்ன. அது போகட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடித்து எடுத்து வைப்பதுபோலப் பேசினாள். "நீ என் கால்ல விழுந்தியே, அதைத்தான் தாங்க முடியல. ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் நம்பட்டும். வீட்டுல ஒருத்தியாவது என்னை நம்பாம இருந்திருக்கக் கூடாதாடி? அக்கா, உனக்குக் கை வலிக்குதான்னு ஒருத்தி கேட்டிருக்கக் கூடாதா?"

 அங்கேயே, அத்தனை பேர் நடுவில், அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் கை என் தலையைத் தடவ வந்து, உதறி, என் காதில் அறைந்தது. "வேணும்னு அடிக்கல" என்றாள். பிறகு, "கொஞ்சம் வேணும்னும்தான்" என்றாள்.

சில வாரம் கழித்து முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். மரபணு ஆலோசகர் ஒரு சின்னப் பெண், சீனப் பெண், பொறுமைசாலி. அவள் பேசிய மருத்துவ ஆங்கிலம் எனக்கே எட்டவில்லை, எனக்கும் அக்காவுக்கும் மகள் தமிழில் சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பழைய புரதங்களை வெட்டிக் கழிப்பதற்குக் கத்தரிக்கோல் மாதிரிச் சில நொதிகள் இருக்கின்றனவாம். அவை கண்டதையும் வெட்டிவிடாமல் பிடித்து வைக்க ஒரு சின்னப் புரதம் இருக்கிறதாம். அதைச் செய்வதற்கான குறிப்பு சிஸ்டாட்டின் பி என்ற மரபணுவில் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் பன்னிரண்டு எழுத்துள்ள ஒரு வரி இரண்டு மூன்று தடவை வரவேண்டும். அக்காவுக்கு முப்பதுக்கும் மேலே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, அப்பா கொடுத்ததிலும் அம்மா கொடுத்ததிலும். அதனால் பிடித்து வைக்கும் புரதம் போதவில்லை. மூளையின் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகின்றன. வெளிச்சம் ஆடினால், சத்தம் கேட்டால், மனசு பதறினால், தூக்கமோ சாப்பாடோ இல்லாவிட்டால் உதறல் அதிகமாகும். கற்பூரமும் உறுமியும் விடியற்காலை விரதமும் என் கண்முன்னே வந்து நின்றன.

"அப்போ எனக்குள்ள கத்தரிக்கோல் ஓடிக்கிட்டே இருக்கா?" என்று அக்கா கேட்டாள். ஆலோசகர் தயங்கினாள். அப்படித்தான் முதலில் நினைத்தார்கள், ஆனால் அந்தப் புரதம் இன்னும் என்னென்ன வேலை பார்க்கிறது, அது இல்லாவிட்டால் நரம்பணு ஏன் சாகிறது என்பது இன்னும் முழுசாகத் தெரியாது என்றாள். படித்தவர்களுக்கே தெரியாதென்றால் நான் யாரைப் போய்க் கேட்பது? நான் சொன்ன பொய்யைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தே இருக்கவில்லை, உண்மையைச் சொல்லியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளா, உண்மையைச் சொல்கிறாளா? என் தலையில் இருந்த பாரம் இறங்கிவிட்டதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்குமேல் அவள் சொன்னதுதான் இடி. இந்தக் கோளாறான மரபணு ஒரே ஒரு பிரதி மட்டும் இருப்பவர்களுக்கு நோய் வராது, ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அண்ணனுக்கும் எனக்கும் அது இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பிள்ளைகள் இருவரும் அந்த வாரமே போய்ச் சோதித்துக்கொண்டார்கள். இருவருக்கும் இருந்தது. அவர்கள் கட்டிக்கொண்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, அக்காவைப்போல ஆவதற்கு.

அண்ணன் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஏதோ நான்தான் கொண்டுவந்து கொடுத்ததுபோல. எனக்கு மட்டும் என்ன தெளிவு இருந்தது? காலையில் எழுந்தால் இந்தக் கல்யாணம் கூடவே கூடாது என்று நினைப்பேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், யாருக்கு எதிராக நினைக்கிறேன் என்று தோன்றும். அக்காவைப்போல ஒரு பிள்ளை வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது, அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே? சரி, நடக்கட்டும் என்று சொல்லலாமா? அவள் பட்டதை ஒரு பிள்ளை ஏழு வயதில் படப்போகிறதா, பன்னிரண்டு வயதில் படப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா? சாங்கியில் நாள் முழுக்கப் பேப்பரில் தப்பு தப்பாக எழுதினேன். கருவிலேயே சோதிக்கலாம், கருவைக் கருப்பையில் வைக்கும் முன்பேகூடச் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று மகள் ஆயிரம் வழி சொன்னாள். எல்லாம் காதில் விழுந்தது. மனசில் ஒன்றும் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்து, சமைக்கும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர்கள் என்னிடம் வரவேயில்லை. நேரே அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். "பெரியம்மா, எங்களுக்கு ஒண்ணுமே புரியல. நீங்க சொல்லுங்க. நாங்க பண்ணிக்கலாமா?" என்று என் மகள் கேட்டாள்.  இதே மாதிரி எத்தனை பேர், எத்தனை வெள்ளிக்கிழமை! எழுந்து வா என்று அவளை இழுக்கப் போனேன். அக்கா கண்ணாலேயே என்னைத் தடுத்தாள்.

"என்னை மாதிரி ஒண்ணு பொறந்தா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு முன்னாலயே டெஸ்ட் இருக்கு பெரியம்மா, நாங்க..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்லா. அதையும் தாண்டிப் பொறந்துட்டா?"

என் மகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மகன் அவ்வளவு நேரமும் தலையைக் குனிந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன் அதிகம் பேசுகிற பையன் இல்லை. "கை உதறுன அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவோம் அத்தை. யாரு கேட்டாலும் இதுதான் நோய்னு பேர் சொல்லுவோம். ஒளிச்சு வைக்க மாட்டோம்."

அக்காவின் இரண்டு கையும் பறந்தன. தோள் உதறியது, கால் உதைத்தது, நாற்காலியின் மிதிபடி கடகடவென்று ஆடியது. மனசு பதறினால் அப்படித்தான் ஆகும் என்று இப்போது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உதறல் அடங்க வெகுநேரம் ஆனது, பிள்ளைகள் இருவரும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. சரியா தப்பா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட இன்றைக்கும் தெரியாது.

"கட்டிக்குங்க" என்றாள் அக்கா. பிறகு அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சாமி சொல்லல. நான் சொல்றேன்."